‘ஃபோ பா’ என்ற சொல்லை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது?

வசனவரி எழுதுபவள்:

ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்கிறேன். எஃப், ஏ, யு, எக்ஸ் என்று ஒரு சொல், அடுத்து பி, ஏ, எஸ் என்று இன்னொன்று. இரண்டும் சேர்ந்துதான் வரும், ‘ஃபோ பா’ என்று உச்சரிக்கவேண்டும், பிரெஞ்சிலிருந்து வந்தது, இது வரைக்கும் தெரியும்.

நான் ஆவணப்படங்களுக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறேன். கொஞ்ச நாளாக இந்தச் சொல் மூன்று இடங்களில் மூன்று விதமாக வந்து நிற்கிறது. உடை பற்றிய ஒரு நிகழ்ச்சியில் செருப்போடு காலுறை போட்டு வந்த ஒருவர் செய்தது ‘ஃபோ பா’. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றிய ஒன்றில் ஒரு பெண்ணின் ‘ஃபோ பா’வால் குடும்பமே வெளியில் தலைகாட்ட முடியாமல் போனதாகச் சொல்கிறார்கள். மூன்றாவது ஒரு செய்தித் துண்டு. ஒரு அரசியல்வாதி மேடையேறி ஒரு சமூகத்தாரை இழிவாகப் பேசுகிறார், எழுதி வைத்ததைப் பார்த்தே பேசுகிறார், அதையும் செய்தி வாசிப்பவர் ‘ஃபோ பா’ என்றே சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போகிறார்.

மூன்றுக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்தும்? அகராதியில் ‘சமூகத் தவறு’ என்று போட்டிருக்கிறது, அதைத் திரையில் போட்டால் சமூகமே சேர்ந்து ஏதோ தவறு செய்தது போலப் படிக்கிறது. தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். தமிழில் ஒரு நல்ல சொல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

லாச்சப்பல்வாசி:

அக்கா, பாரிஸில் இருந்து எழுதுகிறேன். ‘ஃபோ’ என்றால் பிழையான, பொய்யான. ‘பா’ என்றால் காலடி. பிழையாக வைத்த அடி, அவ்வளவுதான். பிரெஞ்சில் இது இன்னமும் உயிரோடு அதே பொருளில் இருக்கிறது. மாடிப்படியில் ஒருவர் கால் தடுக்கினால் அதுவும் ‘ஃபோ பா’தான். நடத்தையில் வரும் பிழைக்கும் சொல்வார்கள், ஆனால் சாதாரணப் பேச்சில் அதற்குக் கூடுதலாகப் புழங்குவது ‘காஃப்’ என்ற சொல். யாராவது வாய் தவறி எதையாவது சொல்லிவிட்டால் ‘ஒரு காஃப் செய்துவிட்டான்’ என்பார்கள், அதையே பழக்கமாக வைத்திருப்பவரைக் ‘காஃபர்’ என்பார்கள். எல்லாரும் பேசாமல் தவிர்க்கும் விஷயத்தை ஒருவர் நடுச்சபையில் போட்டு உடைத்தால், தட்டுக்குள் காலை வைத்துவிட்டான் என்று ஒரு தொடர் இருக்கிறது. அதிலும் கால்தான் வருகிறது பாருங்கள்.

எந்த மாதிரிப் பிழை என்று கேட்டால், இங்கே புதிதாக வரும் நம்மவர் கனபேருக்கு நடப்பதைச் சொல்லலாம். வெதுப்பகத்துக்குள் போனவுடன் ‘போன்ஜூர்’ என்று வணக்கம் சொல்லாமல் நேரே ‘ஒரு பகெத்’ என்று நீள ரொட்டியைக் கேட்டால் விற்பவரின் முகம் மாறும். காசு கொடுக்கிறோம், வரிசையில் நின்றோம், பிறகு என்ன குறை என்று நமக்குத் தோன்றும். அவருக்கோ நாம் அவரை ஆளாகவே மதிக்கவில்லை என்று தோன்றும். ‘தூ’, ‘வூ’ என்று நம் நீ, நீங்கள் போல இரண்டு இருக்கிறது, அதில் தமிழருக்கு அவ்வளவாகச் சிக்கல் வராது. பூவில்தான் வரும். செவ்வந்தி இங்கே கல்லறைப் பூ. நவம்பர் 1ஆம் தேதி இறந்தவர்களை நினைக்கும் நாளில் கல்லறைகளுக்குக் கொண்டுபோவது அதைத்தான். விருந்துக்கு அழைத்த வீட்டுக்கு ஒரு செவ்வந்திக் கொத்தோடு போனால் அவர்கள் சிரித்துக்கொண்டுதான் வாங்குவார்கள், ஆனால் அறைக்குள் ஒரு சங்கடம் வந்துவிடும். நம் ஊரில் அதே பூ சாமிக்கும் மாலைக்கும் போகிறது. பூவிலும் குற்றம் இல்லை, கொடுத்தவர் மனதிலும் குற்றம் இல்லை. என்னைப் பொறுத்தவரை சரியான ‘ஃபோ பா’ இதுதான்.

பழைய அச்சு:

பிரெஞ்சுப் பக்கத்தை மேலே நன்றாகச் சொல்லிவிட்டார். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. ஒருவரின் நற்பெயருக்குப் பங்கம் வரவைக்கும் செயல் என்ற பொருளில் புழங்கியது. அதில் குறிப்பாக 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெண்ணின் ‘ஒழுக்கத் தவறு’ என்று அன்றைய சமூகம் எதைச் சொன்னதோ அதற்கு மூடி மறைத்துச் சொல்லும் சொல்லாக இது இருந்தது. நேரடியாகச் சொல்லக் கூசியதை ஒரு பிரெஞ்சுத் தொடருக்குள் ஒளித்து வைத்தார்கள். ஆகவே உங்கள் இரண்டாவது இடத்தில் வருவது இந்தப் பழைய பொருள், அதை இன்றைய பொருளோடு கலக்கக்கூடாது. அங்கே ‘நெறி தவறினாள்’ என்று போட்டால் அந்தக் காலத்துக்காரர்களின் தீர்ப்பும் சேர்ந்தே வந்துவிடும். அந்தத் தீர்ப்பு அவர்களுடையது என்பது வசனத்தில் தெரிய வேண்டும்.

பின்னால் இந்தக் கனம் குறைந்து, விருந்து, உடை, பேச்சு என்று நாகரிகப் பிழைகளுக்கு வந்து சேர்ந்தது. திருமணத்துக்குப் போகும் விருந்தாளி வெள்ளை கவுன் அணிவது, அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துக்குப் பிறகு வெள்ளை உடுத்துவது, இப்படி. இரண்டாவதை இன்று பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை.

பக்கத்துச் சொற்களையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழப்பம் தீராது. பிரெஞ்சின் அதே ‘காஃப்’ ஆங்கிலத்தில் ‘கேஃப்’ என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, அது பெரும்பாலும் வாயால் வரும் வினை, அதுவும் பிரபலங்களின் வாயால். அரசியல்வாதி தவறிப்போய் உண்மையைச் சொல்லிவிடுவதே கேஃப் என்ற பொருளில் அமெரிக்கப் பத்திரிகையாளர் மைக்கேல் கின்ஸ்லி 1980களில் எழுதியது இன்றும் அங்கே மேற்கோளாகிக்கொண்டிருக்கிறது. ‘சாலிசிசம்’ என்று இன்னொன்று உண்டு. இன்றைய துருக்கியின் தென்கரையில் சோலோய் என்ற பழைய ஊர் இருந்தது, அங்கே பேசிய கிரேக்கம் கொச்சை என்று ஏதென்ஸ் பக்கத்தார் கருதியதில் பிறந்த சொல் அது. முதலில் இலக்கணப் பிழை, பிறகு நாகரிகப் பிழை.

இனி உங்கள் மூன்றாவது இடம். எனக்குக் கோபம் வருவது இதில்தான். ‘ஃபோ பா’வுக்கு அடிப்படை அறியாமை, அல்லது குறைந்தபட்சம் கவனக்குறைவு. எழுதி வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தை இழிவுபடுத்துவதில் கால் எங்கே தவறியது? குறி பார்த்து வைத்த கால் அது. அதை ‘ஃபோ பா’ என்று எழுதும் நிருபர், பேசியவருக்கு மன்னிப்பைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறார். அடிபட்டவர்கள் ‘ஏதோ தெரியாமல் நடந்துவிட்டது’ என்று தாங்களே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். இப்போது ஆங்கிலப் பத்திரிகைகளில் இந்தப் பழக்கம் கூடிக்கொண்டே போகிறது, பண மோசடியைக்கூட இப்படி எழுதியிருந்ததைப் படித்தேன். தமிழில் வசனவரி எழுதும்போது அந்தச் சலுகையை நீங்கள் கொடுக்காதீர்கள்.

கிழக்குவாசல்:

பழைய அச்சு சொல்வதில் முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அறியாமை மட்டும்தான் அளவுகோல் என்றால் ஒன்று விட்டுப்போகிறது. எதிரில் இருப்பவர், சுற்றி இருப்பவர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதிலும் பாதி இருக்கிறது.

1992ல் ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங், எலிசபெத் ராணியை அறிமுகப்படுத்தி அழைத்துச் செல்லும்போது அவர் முதுகில் கை வைத்தார். லண்டன் பத்திரிகைகள் அவரைப் பல்லி என்று பட்டப்பெயர் வைத்துக் கிழித்தன. 2009 ஏப்ரலில், ஜி-20 மாநாட்டையொட்டி பக்கிங்ஹாம் அரண்மனையில் நடந்த வரவேற்பில் மிஷேல் ஒபாமா அதே ராணியை முதுகில் கை போட்டு அணைத்தார். ராணியும் பதிலுக்கு அவர் இடுப்பைச் சுற்றிக் கை போட்டார். மரபு மீறல் என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்ததும் அரண்மனை தரப்பு அது இருவரும் இயல்பாகக் காட்டிய அன்பு என்று சொல்லி முடித்துவிட்டது. ராணியைத் தொடக்கூடாது என்ற வழக்கம் இரண்டு முறையும் ஒன்றுதான். இரண்டாவது முறை ராணியின் கையே தீர்ப்பு சொல்லிவிட்டது.

2011 மே மாதம் அதே அரண்மனை விருந்தில் பராக் ஒபாமாவுக்கு நடந்ததை ‘ஃபோ பா’ என்று தாராளமாகச் சொல்லலாம். மதுக்கிண்ணத்தை உயர்த்தி ராணியின் பெயரைச் சொல்லி ஒரு கணம் நிறுத்தினார், அதுதான் முடிவு என்று நினைத்து வாத்தியக் குழு தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டது. கீதம் ஒலிக்கும்போது பேசக்கூடாது, ஆனால் அவர் இன்னும் மிச்சமிருந்த வாழ்த்தை அதன் மேலேயே பேசி முடித்தார். ராணி கீதம் முடியும் வரை நின்றுவிட்டு, பிறகுதான் கிண்ணத்தை எடுத்தார். யாருக்கும் காயமில்லை, யாரும் யாரையும் இழிவுபடுத்தவில்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் உடம்பு கூசியது.

அப்புறம், 1992 ஜனவரியில் அப்போதைய அமெரிக்க அதிபர் மூத்த புஷ் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் காரிலிருந்து இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினார், வெற்றிக் குறி என்ற எண்ணத்தில். புறங்கை வெளியே தெரியும்படி காட்டிவிட்டார். அப்படிக் காட்டினால் அங்கே அது கெட்ட வசவு. இதுவும் சுத்தமான ‘ஃபோ பா’.

ஆனால் 2009 மார்ச்சில் ஜெனிவாவில் ஹிலாரி கிளிண்டன் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவுக்குக் கொடுத்த சிவப்புப் பொத்தானை நான் இதில் சேர்க்கமாட்டேன். உறவை மறுபடி தொடங்குவோம் என்ற பொருளில் ரஷ்யச் சொல் ஒன்றைப் பொறித்திருந்தார்கள், அது ‘அதிக பாரம்’ என்ற சொல்லாகப் போய்விட்டது, லாவ்ரோவ் அங்கேயே அதைச் சொல்லிவிட்டார். அது மொழிபெயர்ப்புப் பிழை. எழுதாத விதி எதுவும் அங்கே மீறப்படவில்லை. நான் பார்ப்பது இதைத்தான்: அங்கே எழுதாத விதி ஒன்று இருந்ததா, சுற்றி இருந்தவர்களுக்கு அது தெரியுமா?

பழைய அச்சு:

சுற்றியிருப்பவர் பார்வையும் வேண்டும் என்பதை ஏற்கிறேன், அறைக்குள் யாரும் இல்லாவிட்டால் ‘ஃபோ பா’வே கிடையாது. ஆனால் அவர்கள் சிரித்து விட்டுவிட்டால் எதுவும் ‘ஃபோ பா’ ஆகிவிடும் என்று யாரும் நீட்டிக்கொண்டு போகக்கூடாது. இழிவான பேச்சுக்குக் கைதட்டும் கூட்டமும் இருக்கிறது.

கிழக்குவாசல்:

அதில் மறுப்பே இல்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

படித்துக்கொண்டே வந்தேன், தமிழ்ச் சொல் கேட்டவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பிழையைக் காலடியோடு சேர்த்துப் பேசுவது நமக்குப் புதிதில்லை அம்மா. ‘யாகாவா ராயினும் நாகாக்க’ என்ற குறளில் ‘சொல்லிழுக்குப் பட்டு’ என்று வருகிறதே, அந்த இழுக்கு என்ற சொல்லுக்கு வழுக்குதல் என்ற பொருள் உண்டு. இன்னொரு குறளைப் பாருங்கள், ‘இழுக்கல் உடையுழி ஊற்றுக்கோல் அற்றே ஒழுக்கம் உடையார்வாய்ச் சொல்.’ வழுக்கும் நிலத்தில் ஊன்றுகோல் போல. வழு, வழுக்கு, வழுவு எல்லாம் இதே வழியில் வந்தவை. ஆகவே ‘சொல்லிழுக்கு’ வாயால் வரும் பிழைக்கு அழகான சொல். ஆனால் இன்று இழுக்கு என்றால் ‘குடும்பத்துக்கு இழுக்கு’ என்பது போல மானக்கேடாக ஏறிவிட்டது. செருப்போடு காலுறை போட்டவருக்கு அது தாங்காது. உங்கள் 19ஆம் நூற்றாண்டுப் பெண்ணின் கதையில், அந்தக் குடும்பத்தார் வாயில் வைத்தால் சரியாகப் பொருந்தும்.

இன்றைய பொருளுக்கு நான் ‘பிசகு’ என்பேன். கால் பிசகியது என்கிறோம், ‘ஏதும் பிசகு நடந்துவிட்டதா’ என்று கேட்கிறோம், இரண்டும் ஒரே சொல். கனமும் சரியாக இருக்கிறது, குற்றம் என்ற அளவுக்குப் போகவில்லை. ‘இங்கிதம் தெரியாமல்’ என்பதும் நல்ல வழக்கு. வடமொழியில் இங்கிதம் என்றால் குறிப்பு, உள்ளக் கருத்து. எதிரில் இருப்பவரின் குறிப்பை அறியாமல் நடப்பது இங்கிதமில்லாமை. ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை, ‘இங்கிதம் இல்லாதவர்’ என்றால் ஆளின் குணத்தையே சொன்னதாகிவிடும். பிசகு என்றால் அந்த ஒரு செயலோடு நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். நன்னூலில் வழு ஏழு வகை, திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. அதில் மரபு வழுவைப் பாருங்கள். யானையை மேய்ப்பவரைப் பாகன் என்றும் ஆட்டை மேய்ப்பவரை இடையன் என்றும் சொல்லவேண்டும், ‘யானை இடையன்’ என்றால் வழு. பொருள் புரியாமல் போகவில்லை, பொய்யும் சொல்லவில்லை, பெரியோர் சொல்லிவந்த வழக்கை மீறினீர்கள், அவ்வளவுதான். மேலே ஒருவர் எழுதாத விதி என்றாரே, அது மொழிக்குள் இருந்தால் மரபு வழு, விருந்துக்கூடத்தில் இருந்தால் உங்கள் பிரெஞ்சுச் சொல்.

கீட்டிங், மிஷேல் ஒபாமா வேறுபாட்டுக்கும் இதே இலக்கணத்தில் இடம் இருக்கிறது. ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே’ என்கிறது நன்னூல். ஒருவர் தன் பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் திணை வழுதான், ஆனால் உவப்பினால் சொன்னதால் அதை ஏற்றுக்கொள்கிறோம், வழுவமைதி என்கிறோம். ராணி பதிலுக்குக் கை போட்டது அந்த வழுவை அமைதியாக்கியது. ஆனால் இந்த நூற்பாவில் செறலும் இழிப்பும் இருக்கின்றனவே என்று யாரும் அந்த அரசியல்வாதிக்குத் துணைக்கு வராதீர்கள். அங்கே பேசப்படுவது பாலும் திணையும் மயங்குவது மட்டும். கோபத்தில் ஒருவனை ‘மாடு’ என்று திட்டினால் இலக்கணம் ஒத்துக்கொள்ளும், திட்டு வாங்கியவன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நன்னூல் சொல்லவில்லை.

சொல்லாக்கம்:

ஐயா, நேர் பெயர்ப்பாகவே ‘தப்படி’ என்று வைத்தால் என்ன? தப்பு, அடி. பிரெஞ்சில் இருப்பது அப்படியே வருகிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தப்படி என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது தம்பி. ‘பத்துத் தப்படி தூரம்’ என்கிறோம், ஒரு எட்டு வைக்கும் அளவு. பறையைத் தப்பு என்றும் அடிப்பதைத் தப்படித்தல் என்றும் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. திரையில் ‘அவர் ஒரு தப்படி செய்தார்’ என்று வந்தால் பார்ப்பவர் எதை என்று நினைப்பார்? இருக்கிற சொல் நன்றாக வேலை செய்யும்போது புதிது செய்யும் உழைப்பை வேறு இடத்தில் காட்டலாம், செய்வதற்கு நிறைய இருக்கிறது.

வசனவரி எழுதுபவள்:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவுக்கு மிகவும் நன்றி, ‘பிசகு’ என் கண்முன்னே இருந்தும் தோன்றவில்லை.

இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன். 19ஆம் நூற்றாண்டுக் கதையில் குடும்பத்தார் பேசுவதாக வரும் இடத்தில் ‘எங்கள் குடிக்கு இழுக்கு’ என்றும், விவரிப்பவர் குரலில் வரும் இடத்தில் ‘ஊர் தவறு என்று சொன்ன உறவு’ என்றும் பிரித்துவிடுகிறேன். இரண்டு குரலுக்கும் ஒரே ஆங்கிலச் சொல் வந்தாலும் தமிழில் பிரிப்பதே சரி என்று பழைய அச்சு எழுதியதைப் படித்தபின் தோன்றுகிறது.

செய்தித் துண்டில் ‘இழிவாகப் பேசினார்’ என்று நேராகவே போடப் போகிறேன். ஆனால் ஒரு சந்தேகம். மூலத்தில் செய்தி வாசிப்பவர் ‘ஃபோ பா’ என்று மென்மையாகச் சொல்லியிருக்க, நான் தமிழில் கடுமையாக்கினால் அது மொழிபெயர்ப்பாளர் எல்லை மீறுவது ஆகாதா?

பழைய அச்சு:

ஆகும். நான் முதலில் எழுதியதில் இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிட்டேன். செய்தி வாசிப்பவரே மென்மையாக்கினார் என்பதும் ஒரு தகவல், பார்ப்பவருக்கு அது போய்ச் சேரவேண்டும். அரசியல்வாதி பேசும் பகுதியை ஒரு சொல்கூட மழுப்பாமல் அப்படியே மொழிபெயர்த்துவிடுங்கள். அதற்கு அடுத்த வரியில் செய்தி வாசிப்பவர் ‘இது ஒரு பிசகு’ என்று சொல்வதாகவே போடுங்கள். இரண்டும் அடுத்தடுத்து வந்தால் எவ்வளவு பொருந்தவில்லை என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவையே இருக்காது. உங்கள் சொந்தக் குறிப்பிலோ தயாரிப்பாளருக்கு எழுதும் கடிதத்திலோ கடுமையாகச் சொல்லுங்கள், சொல்லவும் வேண்டும்.

லாச்சப்பல்வாசி:

காலுறைக்காரர் விடுபட்டுவிட்டார். அங்கே பிசகுகூட வேண்டாம் அக்கா, உடை நிகழ்ச்சிகளில் இந்தச் சொல்லை உப்புப் போல எல்லாவற்றுக்கும் தூவுகிறார்கள். ‘இது எடுக்கவில்லை’ அல்லது ‘செருப்புக்குக் காலுறையா?’ என்று போட்டாலே போதும், வரி திரையில் இரண்டு மூன்று விநாடிதான் நிற்கும். இன்னொன்று, ‘ஃபோ பா’ என்று தமிழில் எழுத்துப்பெயர்த்துப் போடலாமா என்று யோசித்தால் வேண்டாம். ஆங்கிலத்தில் பன்மைக்கு எழுத்து மாறாமல் ‘ஃபோ பாஸ்’ என்று ஒலி மட்டும் மாறும், பிரெஞ்சில் ஒலியும் மாறாது, தமிழில் ‘ஃபோ பாக்கள்’ என்று எழுதிப் பார்த்தால் வெண்பா, ஆசிரியப்பா வரிசையில் இன்னொரு பா போல நிற்கிறது.

வசனவரி எழுதுபவள்:

சரி, ‘செருப்புக்குக் காலுறையா?’ என்றே வைக்கிறேன். செய்தித் துண்டை பழைய அச்சு சொன்னபடி இரண்டு வரியாகப் பிரித்து இன்றே திருத்தி அனுப்புகிறேன், தயாரிப்பாளருக்குத் தனியாகவும் எழுதுகிறேன்.